என் வலி அந்தத் தம்பிக்குப் போய்விடுமா?

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், 'ஆச்சி' என்றே போடுங்கள் என்கிறார். கணவர் தவறிவிட்டார். பிள்ளைகளில் ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். இரண்டு கட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். காலையில் ஒரு பெண் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறார். எட்டு மாதமாக இடுப்பு வலி. உறவினர் சொன்னதைக் கேட்டு, காரைக்குடியில் ஆஸ்டியோபதி (கையால் தொட்டும் அழுத்தியும் திருப்பியும் செய்யும் சிகிச்சை) செய்யும் ஓர் இளைஞரிடம் போகிறார். 12 முறைக்கு முன்பணமாக 14,400 ரூபாய் கட்டி, ஐந்து முறை போய்வந்தாயிற்று. அவர் ஆச்சியின் முதுகிலும் தலையிலும் கை வைத்தால் கொஞ்ச நேரத்தில் இருவர் மூச்சும் ஒன்றாகிவிடுகிறதாம். ஆச்சியின் வயிறு கடமுடாவென்று சத்தம் போடுகிறது, அந்த இளைஞர் கொட்டாவி விடுகிறார், அவருக்கு வியர்க்கிறது. "உங்கள் வலியை என் உடம்பு வாங்கிக்கொள்கிறது ஆச்சி" என்று சொல்லி, முடிந்ததும் கல் உப்புத் தண்ணீரில் கை கழுவுகிறார். அதற்குச் 'சுத்திகரிப்பு' என்று தனியாக 300 ரூபாய். மூன்றாம் முறை ஆச்சிக்குக் காரணமில்லாமல் அழுகை வந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினார். நான்காம் முறை அந்த இளைஞர் ஆச்சியின் கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுத்தார். ஐந்தாம் முறை எழுந்து நின்றதும் கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, கண் இருட்டியது. "நச்சு வெளியேறுகிறது, உடம்பு தானாகச் சமநிலைக்கு வருகிறது, பிபி மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்" என்றாராம். ஆறு நாளாக நிறுத்தியிருக்கிறார்.

இத்தனைக்கும் நடுவில் ஆச்சியின் கேள்வி தன்னைப் பற்றியதல்ல. "அந்தத் தம்பியின் மனைவி மாசமாக இருக்கிறார். என் நோய் அவர் மூலமாக அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்துவிடுமோ? நான் பாவம் செய்கிறேனா?"

ஆச்சி, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: போகாது. இடுப்பு வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் மூன்றுமே தொட்டால் ஒட்டுகிற நோய் அல்ல. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன், இன்றைக்கே செய்யவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது.

முதலில் மாத்திரை

மகன் வாங்கிக் கொடுத்த பிபி கருவி வீட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளவு எடுங்கள். மேல் அளவு 110-க்குக் கீழே இருந்தால் மட்டும், மாத்திரையைத் தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இல்லையென்றால் வழக்கமான மாத்திரையை வழக்கமான அளவில் இன்றே தொடங்குங்கள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போடக்கூடாது. மேல் அளவு 180, கீழ் அளவு 120 என்கிற அளவுக்கு ஏறியிருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும். அதோடு நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஏதாவது இருந்தால் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள்.

மயக்கத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்திலேயே விடை இருக்கிறது. சிகிச்சைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். காலை ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இட்லியைத் தொடாமல், பத்தரை மணிக்குப் போய்ப் படுத்தீர்கள். அந்த மாத்திரையில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. கிளிமிபிரைடு கணையத்தை முடுக்கி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் இருட்டு மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்படவேண்டியது சர்க்கரைத் தாழ்வைத்தான். நச்சு என்று எதுவும் அங்கே வெளியேறவில்லை.

அதன்மேல் இன்னொன்றும் சேர்ந்திருக்கலாம். முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்து, மூச்சும் நாடியும் மெதுவாகி, ரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கும் நேரத்தில் சடக்கென்று எழுந்தால் ரத்தம் காலில் தேங்கும். மூளைக்குப் போகும் அழுத்தம் சில நொடிகளுக்குக் குறையும். இதைக் கண்டுபிடிக்க வழி எளிது. ஐந்து நிமிடம் படுத்தபடி ஒரு அளவு, எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒன்று, மூன்றாம் நிமிடத்தில் ஒன்று. நின்றபின் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றவேண்டியிருக்கலாம். மாற்றுவது அவர் வேலை.

இனி எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்துப் போங்கள். முடிந்ததும் பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காருங்கள். உட்கார்ந்தபடி பாதத்தை மேலும் கீழுமாக ஒரு இருபது தடவை ஆட்டி, இரண்டு நிமிடம் கழித்து எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள். நடுக்கமும் வியர்வையும் மறுபடி வந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துச் சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள். சரியானபின் பட்டினியாக இருக்கவேண்டாம்.

இரண்டு உடம்புக்கு நடுவில் நடப்பது என்ன

நீங்கள் கவனித்தது கற்பனை அல்ல ஆச்சி. கை வைத்துச் செய்யும் சிகிச்சையில் இருவர் உடம்பும் ஒன்றையொன்று பாதிப்பது உண்மை. அந்தத் தம்பி சொல்லும் காரணம்தான் தவறு.

மூச்சை எடுத்துக்கொள்வோம். விலா எலும்பின்மேல் கை வைத்திருப்பவருக்கு உங்கள் மூச்சு ஒவ்வொன்றும் கையில் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவரை அறியாமலே அவர் மூச்சு அதோடு சேரும்; அல்லது அவர் நிதானமாக மூச்சுவிட, நீங்கள் பின்தொடர்வீர்கள். பழநி பாதயாத்திரையில் பக்கத்தில் நடப்பவரோடு கால் தானாக ஒத்துப்போகிறதே, அப்படித்தான். மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்கிற அளவுக்கு மெதுவாகும்போது, உள்ளிழுக்கையில் நாடி கூடுவதும் வெளிவிடுகையில் குறைவதும் பெரிதாகத் தெரியும். மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் போகும் வேகஸ் நரம்பும், கழுத்துத் தமனியில் அழுத்தத்தை அளக்கும் உணர்விகளும் சேர்ந்து செய்யும் வேலை இது. அந்த நிலையில் குடல் அசைவு கூடும், எச்சில் ஊறும், தூக்கம் சொக்கும். உங்கள் வயிறு சத்தம் போட்டது அதனால்தான். அவர் கொட்டாவி விடுவதற்கும் இதுவே போதும். கொட்டாவி ஒருவரைப் பார்த்து இன்னொருவருக்கு வருவது வேறு ஊரறிந்த சங்கதி.

அடுத்தது தோல். முதுகு, முன்கை போன்ற முடி முளைக்கும் தோலில் 'சி-டாக்டைல்' என்கிற மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. எங்கே தொட்டார்கள் என்பதைச் சொல்லும் நரம்புகள் நொடிக்குப் பத்துக்கணக்கான மீட்டர் வேகத்தில் செய்தி கொண்டுபோகும். இவை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். நொடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடம்புச் சூடுள்ள கையால் மெதுவாக வருடும்போதுதான் இவை நன்றாகத் தூண்டப்படும். அந்தச் செய்தி, உடம்பின் உள்நிலையை உணரும் மூளைப் பகுதியான இன்சுலாவுக்குப் போகிறது. 'இதமாக இருக்கிறது' என்கிற உணர்வு அங்கே உருவாகிறது.

தொடுபவரின் கவனத்துக்கும் பங்கு உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்களை ஒரே விதமாகத் தொட்டார்கள். தொடுபவர்களில் ஒரு சாரார் தங்கள் கையின் உணர்வில் கவனம் வைத்தார்கள், மறு சாரார் காதில் கேட்ட ஒலியில் வைத்தார்கள். தொடப்பட்டவர்களின் மூளை இணைப்புகளில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரிந்தது. சிறிய ஆய்வுதான், நோய் தீர்ந்ததாக அது சொல்லவில்லை. 2020-ல் வந்த இன்னோர் ஆய்வில், வலி நோயாளியும் அக்குபஞ்சர் சிகிச்சையாளரும் தனித்தனி எம்ஆர்ஐ கருவிகளில் படுத்துக்கொண்டு வீடியோவில் முகம் பார்த்தார்கள். இருவரின் முகபாவமும் மூளை இயக்கமும் ஒத்துப்போன அளவுக்கு வலி நிவாரணமும் கூடுதலாகத் தெரிந்தது. இவர்களுக்கு நடுவில் வீடியோத் திரைதான் இருந்தது, கை கூட இல்லை. அப்படியானால் இந்த ஒத்திசைவு கண், காது, தோல் வழியாக நடக்கிற காரியம். பொருளாக எதுவும் இங்கிருந்து அங்கே இடம்பெயர்வதில்லை.

இதயத்தின் காந்தம் அடுத்தவரைப் பாதிக்கும் என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இதயத்துக்குக் காந்தப்புலம் உண்டு, அளக்கவும் முடியும். ஆனால் நெஞ்சுக்கு மேலே அது நாம் நிற்கிற பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல லட்சம் மடங்கு சிறியது. சிறப்பு அறையும் நுண்கருவியும் இல்லாமல் அதைப் பிரித்தறியவே முடியாது.

தலையில் கை வைத்து 'மண்டையோட்டின் தாளத்தைக் கேட்கிறேன்' என்பதும் இந்த வகைதான். நிமிடத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை என்று அந்தத் தாளத்துக்குக் கணக்குச் சொல்வார்கள். ஆனால் ஒரே நோயாளியின் தலையைத் தேர்ந்த சிகிச்சையாளர் இருவர் சோதித்தபோது, எண்ணிக்கைகள் ஒத்துப்போகவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. விரல் நுனியில் அவருடைய நாடி அடிக்கிறது, தோலுக்கடியில் உங்கள் நாடி, இருவர் மூச்சும் உண்டு. போதாததற்கு, ரத்த அழுத்தம் ஏறத்தாழ பத்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அலையும் எல்லா உடம்பிலும் இருக்கிறது. இத்தனையும் கலந்து கையில் ஏதோ அசைவது தெரியத்தான் செய்யும். எது யாருடையது என்று பிரிக்க முடியாத ஒன்றை வைத்து நோய் கண்டுபிடிக்க முடியாது என்பதே என் ஆட்சேபம்.

அவர் களைத்துப்போவதும் உண்மையாகவே இருக்கலாம். ஒரு நாளைக்குப் பத்துப் பேரை அழுத்திப் பிடிக்கிறவருக்குக் கட்டைவிரல் அடிமூட்டு, மணிக்கட்டு, இடுப்பு மூன்றும் தேயும். கட்டில் உயரம் சரியில்லை என்றால் இன்னும் சீக்கிரம். வருகிற ஒவ்வொருவர் கவலையையும் கேட்டுக்கொண்டிருப்பதும் அசத்தும். அது உழைப்பின் களைப்பு. உங்கள் நோய் அவருக்குள் போனதால் வந்ததல்ல. அதற்கு 300 ரூபாய் நீங்கள் கட்டவேண்டியதில்லை.

தொட்டால் உண்மையிலேயே ஒட்டுகிறவை வேறு: சொறிசிரங்கு, படர்தாமரை, சளிக் காய்ச்சல். உங்களுக்குக் காய்ச்சலோ இருமலோ அரிக்கும் தடிப்போ இருக்கும் நாளில் போகாதீர்கள். மாசமாக இருக்கும் அந்தப் பெண்ணுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான். உப்புத் தண்ணீர் இதற்கெல்லாம் ஆகாது. ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் சோப்பால் 20 நொடி கை கழுவுகிறாரா, கட்டில் விரிப்பை மாற்றுகிறாரா என்று பாருங்கள்.

மணிக்கட்டு முறிந்த சங்கதி

கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் கடந்துபோனது எனக்குப் பெரிதாகப் பட்டது. இரண்டு வருடத்துக்கு முன், முற்றத்தில் ஈரத்தில் வழுக்கிக் கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்திருக்கிறது. 44 வயதிலேயே மாதவிடாய் நின்றிருக்கிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், எலும்புத் தேய்மானம் (எலும்பின் அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ்) இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அந்தத் தம்பி இதைக் கேட்கவே இல்லை என்கிறீர்கள். கேட்காமல் கழுத்தில் சொடக்கு எடுத்தது சரியில்லை.

எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் எடுக்கவேண்டும், மதுரையில் எடுக்கலாம். அதில் 'டி-ஸ்கோர்' மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புத் தேய்மானம் உறுதி. முதுகெலும்பைப் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரேயும், ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு, கிரியாட்டினின் அளவுகளும் பார்க்கவேண்டும். இளவயதில் இருந்த உயரத்தைவிட நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருக்கிறீர்களா என்றும் அளந்து பாருங்கள். முதுகெலும்பு ஒன்று சத்தமில்லாமல் நசுங்கியிருந்தால் உங்கள் எட்டு மாத வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டித் தொடங்கலாம்.

இந்த முடிவுகள் வரும்வரை முதுகிலும் கழுத்திலும் சடாரென்று திருப்பும் சிகிச்சை எதுவும் வேண்டாம். 'டக்' என்று சத்தம் வந்தால் எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது என்பது தவறான நம்பிக்கை. மூட்டுத் திரவத்தில் வாயுக் குழி உண்டாகும் சத்தம் அது. கழுத்தைத் திருப்பும்போது தமனியின் உட்சுவர் கிழிவது மிக அரிது. நடந்தால் பக்கவாதத்தில் முடியலாம். நான்காம் முறைக்குப் பிறகு இதுவரை இல்லாத கழுத்து வலி அல்லது தலைவலி, பார்வை இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறல், விழுங்கச் சிரமம், நடை தள்ளாட்டம் ஏதாவது உண்டென்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுவது, அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் தளர்வது ஆகியவையும் அப்படியே அவசரம்தான்.

தொடரலாமா, நிறுத்தலாமா

ஆஸ்டியோபதி 1874-ல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்கிற மருத்துவர் தொடங்கிய முறை. அங்கே அந்தப் பட்டம் பெற்றவர்கள் மருந்து எழுதும், அறுவைச் சிகிச்சை செய்யும் முழு மருத்துவர்கள். பிரிட்டனில் 1993-ல் சட்டம் போட்டு, தனிக் கவுன்சிலில் பதிவு செய்யவைத்தார்கள். இங்கே அதற்கெனத் தனிக் கவுன்சில் இல்லை. பிசியோதெரபிஸ்டுகள் துணை மருத்துவத் துறையினருக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். ஆகவே, "தம்பி, நீங்கள் என்ன படித்தீர்கள், பிசியோதெரபி பட்டம் உண்டா, எத்தனை நாள் பயிற்சி?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பிசியோதெரபி பட்டமே இருந்தாலும் பிபி மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

பலனைப் பொறுத்தவரை, நாள்பட்ட இடுப்பு வலிக்குக் கைச் சிகிச்சை சிலருக்குச் சில வாரங்கள் இதம் தரும். 2021-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வில் 400 பேரில் பாதிப் பேருக்கு ஆஸ்டியோபதியும் மீதிப் பேருக்கு வெறும் லேசான தொடுதலும் கொடுத்துப் பார்த்தார்கள். 100 புள்ளி அளவுகோலில் இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று நான்கு புள்ளிகள்தான். பிரிட்டன் அரசின் வழிகாட்டுதலும் கைச் சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் தரச் சொல்கிறது, தனியாக அல்ல. உங்களுக்கு இந்த ஐந்து முறையில் ஒரு பயிற்சிகூடச் சொல்லித்தரவில்லை.

என் யோசனை: டெக்ஸா முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். அதுவரை வளவில் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடங்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை, ஓய்வெடுத்து இன்னொரு பத்து. குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம். குனிந்து கோலம் போடுவதும் கொஞ்ச நாளைக்குச் சமைக்க வரும் பெண்ணின் வேலையாக இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் தரை ஈரத்தில் எப்படி வழுக்கும் என்று நான் சொல்லவேண்டாம். முற்றத்துப் படியருகே வழுக்காத மிதியடி போடுங்கள்.

பிறகும் அவரிடமே போக விரும்பினால் நிபந்தனை வையுங்கள். சொடக்கு கிடையாது. எங்கே, எதற்காகத் தொடப்போகிறார் என்று முன்னரே சொல்லவேண்டும். கூட ஒரு பெண் அறையில் இருக்கவேண்டும். போதும் என்றால் அந்த நிமிடமே நிறுத்தவேண்டும். இவை நீங்கள் கெஞ்சிக் கேட்கிற சலுகைகள் அல்ல, உங்கள் உரிமை.

போகவேண்டாம் என்று முடிவானால் மீதி ஏழு முறைக்கான 8,400 ரூபாயைத் திருப்பிக் கேளுங்கள். முதலில் நேரில் பேசுங்கள்; நம் பக்கத்தில் யாரைத் தொட்டாலும் யாருக்காவது சொந்தமாக இருப்பார்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதியும் அனுப்பிவையுங்கள், பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் 1915 என்கிற நுகர்வோர் உதவி எண், அதற்கும் மேல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது.

அழுததைப் பற்றிக் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பல வருடமாக யாரும் ஆதரவாகத் தொடாத முதுகில் ஒரு கை முக்கால் மணி நேரம் அக்கறையோடு இருந்தால் கண் கலங்கும். அன்று தூக்கம் வந்ததும் அதே காரணத்தால்தான். சிகிச்சையை நிறுத்தினால் அந்த இதத்தையும் இழக்கவேண்டும் என்பதில்லை. வாரம் ஒரு நாள் சமைக்க வரும் பெண்ணையோ பங்காளி வீட்டில் யாரையாவதோ அழைத்து, எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தலைக்கும் முதுகுக்கும் மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள். முதுகெலும்பை அழுத்தவேண்டாம், வருடினால் போதும். தேய்த்த எண்ணெயோடு முற்றத்தில் நடக்காதீர்கள்.

ஆனால், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அடிக்கடி வந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு இடுப்பு வலியைக் கூட்டும், அதற்கும் மருந்து இருக்கிறது.

டெக்ஸா எண்ணும், மூன்று நாள் படுத்தும் நின்றும் எடுத்த பிபி அளவுகளும் கையில் வந்ததும் மறுபடி எழுதுங்கள். பயிற்சிகளை அதற்கேற்ப மாற்றித் தருகிறேன்.